மலையேறாத பெரியப்பா

குடும்பத்தில் யாராவது "லே போறோம்" என்று சொல்லிவிட்டால் போதும், பெரியப்பாவுக்கு அருள் வந்துவிடும். அதுவரை செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு ஈஸிசேரில் குறட்டை விட்டவர் நிமிர்ந்து உட்காருவார். மூக்குக் கண்ணாடியை வேட்டி நுனியில் துடைப்பார். "எந்த மாசம்?" என்பார். அந்தக் கேள்வி சும்மா ஒரு சம்பிரதாயம். ஜூலை என்றாலும் ஜனவரி என்றாலும் அவர் கொடுக்கப்போகும் பட்டியல் ஒன்றேதான்.

எல்லாக் குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருக்கிறார். சில வீடுகளில் மாமா, சில வீடுகளில் அத்தான், அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் பெரும்பாலும் செக்ரட்டரி. ஒரே ஒரு தடவை மலைக்குப் போய்வந்திருப்பார். அதிலிருந்து உலகத்திலுள்ள மலைகள் அத்தனைக்கும் அவர்தான் அத்தாரிட்டி. எங்கள் பெரியப்பாவுக்கு இரண்டு மலை. கல்யாணமான புதிதில் ஊட்டி. ரிட்டயர் ஆகும் முன்பு, எல்.டி.சி. வீணாகப் போகக் கூடாது என்பதற்காக லே. ஊட்டி 2,240 மீட்டர், லே சுமார் 3,500 மீட்டர் என்று யாராவது எடுத்துச் சொன்னால், "மலைன்னா மலைதாம்ப்பா" என்று முடித்துவிடுவார்.

மதுரையில் மார்கழி விடிகாலை 20 டிகிரிக்கு இறங்கினாலே மஃப்ளர் சுற்றிக்கொண்டு பால் வாங்கப் போகிறவர் அவர். ஆகவே குளிர் விஷயத்தில் அவருடைய பயம் உண்மையானது. தம்பி மகனும் அவன் மனைவியும் ஜூலையில் லே போவதாகச் சொல்ல வந்த அன்று, தினசரிக் காலண்டரில் முந்தாநாள் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதிக் கொடுத்தார். மங்கி கேப் 2. மஃப்ளர் 3. தடித்த கம்பளி ஸ்வெட்டர் ஆளுக்கு ஒன்று. உல்லன் சாக்ஸ் 6 ஜோடி. குடை. ரெயின்கோட். கோடாலித் தைலம். பூண்டு கால் கிலோ. கற்பூரம். புளியோதரைப் பொடி. குட்டி ரைஸ் குக்கர். கடைசியில் மூன்று கோடு போட்டு: அலட்சியம் கூடாது.

ஜூலையில் லேயில் பகல் வெயில் 25 டிகிரியைத் தொடும். ஆளாளுக்கு டி-ஷர்ட்டில்தான் கடைவீதியில் திரிவார்கள். பொழுது சாய்ந்த பிறகு பத்துப் பன்னிரண்டுக்கு இறங்கும். ஒரு மெல்லிய கம்பளியும் மேலே ஒரு காற்றுத் தடுப்பு ஜாக்கெட்டும் இருந்தால் போதும். தடித்த ஸ்வெட்டர் ஒன்றைவிட மெல்லியதாக இரண்டு மூன்று எடுத்துப்போவது நல்லது, வெயில் ஏற ஏறக் கழற்றிக்கொள்ளலாம் என்று பையன் எங்கேயோ கேட்டதைச் சொன்னான். "நடுரோட்டில நின்னு ஒவ்வொண்ணாக் கழட்டுவியா? மானம் போயிரும்" என்றார் பெரியப்பா. அவர் கணக்கில் துணி என்பது வீட்டில் போட்டுக்கொண்டு கிளம்பி வீட்டுக்கு வந்து கழற்றுவது.

அவருடைய ஸ்வெட்டர் ஜனவரிக்குப் பொருந்தும் என்றும் சொல்ல முடியாது. அப்போது ராத்திரியில் பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரிக்கும் போகும். குழாய்த் தண்ணீர் உறைந்துவிடும் என்பதால் பல விடுதிகள் கதவைச் சாத்திவிடும். அந்தக் குளிருக்கு உள்ளே தெர்மல், மேலே இறகு அடைத்த ஜாக்கெட் என்று வேறு தினுசு உடுப்பு வேண்டும். ஆக அந்தப் பட்டியல் எந்த மாதத்துக்கும் உதவாது.

குடையும் ரெயின்கோட்டும் தனிக் கதை. இமயமலையின் தெற்கு முகத்திலேயே பருவமழை பெரும்பாலும் கொட்டித் தீர்த்துவிடும். மறுபக்கம் இருக்கும் லேயில் வருஷம் முழுக்கச் சேர்த்தாலே சுமார் 100 மில்லிமீட்டர்தான். நம்மூரில் ஐப்பசியில் இரண்டு நல்ல அடைமழைக்கு அது சரியாகப் போய்விடும். ஊட்டியில் அவர் நனைந்ததற்கு லேயில் ரெயின்கோட்.

பட்டியலில் எதெல்லாம் இல்லை என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. கறுப்புக் கண்ணாடி இல்லை, வெயிலுக்குப் பூசும் களிம்பு இல்லை, உதட்டுக்குத் தடவ ஒன்றும் இல்லை. மருமகள் மெதுவாகக் கேட்டாள்.

"பெரியமாமா, சன்ஸ்க்ரீன் வேண்டாமா?"

"குளிர்ற ஊருக்குப் போறவங்களுக்கு வெயில் மருந்து எதுக்கும்மா?"

ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் பத்தில் ஒரு பங்கு கூடும். காற்றோ அப்பளம் காயப் போடுகிற அளவுக்கு வறண்டது. தலையை வெயிலிலும் காலை நிழலிலும் வைத்து உட்கார்ந்தால் வெயில் மயக்கமும் பனிக்கடியும் ஒரே நேரத்தில் வரும் என்று லடாக்கைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. மிகைதான். ஆனால் மங்கி கேப்பை நம்பிப் போனவர்களுக்கு மூக்கு மட்டும் வெந்து தோல் உரிந்து வருவது மிகை இல்லை.

ரைஸ் குக்கருக்கு வருவோம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 88 டிகிரிக்கே கொதித்துவிடும். கொதிக்கும், ஆவி பறக்கும், அரிசி மட்டும் நறுக் நறுக்கென்று நிற்கும். அதனால்தான் அந்த ஊர்ச் சமையற்கட்டுகளில் பிரஷர் குக்கர் விசில் அடிக்கிறது. தான் போனபோது விடுதியில் சோறு வேகவில்லை என்று பெரியப்பாவுக்கு இன்னமும் ஆறாத கோபம். "அவனுக்குப் புழுங்கலரிசி வடிக்கத் தெரியலப்பா" என்பார்.

கற்பூரம்தான் உச்சம். மூச்சு வாங்கினால் கைக்குட்டையில் கற்பூரத்தை முடிந்து முகரவேண்டும், ஆக்சிஜன் வந்துவிடும் என்பது அவர் மருத்துவம். மூக்குக்குள் ஜில்லென்று இருக்கும், உண்மை. மற்றபடி கற்பூரத்திலிருந்து ஆக்சிஜன் வருவதாக இருந்தால் மீனாட்சியம்மன் சன்னதியில் நெரிசலில் யாருக்கும் மயக்கமே வரக்கூடாது. லேயிலும் காற்றில் ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான். அழுத்தம் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துபோவதால் ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குள் போவது குறைகிறது. உடம்பு அதற்குப் பழக இரண்டு நாளாவது ஆகும். அசிடசோலமைடு என்ற மாத்திரையை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு சிலர் போடுவார்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். "மாத்திரையெல்லாம் கிட்னிக்குக் கெடுதல்" என்று தள்ளிவிட்டு, பெரியம்மா உள்ளே போனதைப் பார்த்துக்கொண்டு பெரியப்பா குரலைத் தாழ்த்தினார்: "ராத்திரி ரெண்டு மூடி ரம். குளிர் கிட்ட வராது." முதல் ராத்திரி அந்த உயரத்தில் சாராயம் உள்ளே போனால் தூக்கத்தில் மூச்சு இன்னும் மந்தமாகும், உடம்பில் தண்ணீரும் வற்றும். செய்யக்கூடாதவற்றில் அதுதான் முதலில் வரும்.

அருள் வந்தவர்களுக்குக் கற்பூரம் காட்டினால் சாமி மலையேறிவிடும். இங்கே கற்பூரம் பட்டியலில் ஏறியதே ஒழிய, சாமி அசையவில்லை. பீரோவைத் திறந்து பாச்சை உருண்டை வாசனையோடு ஒரு மெரூன் நிற மங்கி கேப்பை எடுத்து வந்து, பையன் தலையில் மாட்டி, காது மூடுகிறதா என்று இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்தார். சித்திரைக் கத்திரி வெயில் அப்போது. அவனுக்குக் கழுத்து வழியாக வேர்வை ஓடியது. "பாத்தியா, எப்படிக் கதகதன்னு இருக்கு!"

லேயில் இவர் என்னதான் பார்த்தார் என்பதை காபி டம்ளரோடு வந்த பெரியம்மா போட்டு உடைத்தார். அங்கே பிற்பகலில் காற்று பலமாகிவிடும் என்பதால் விமானங்கள் காலையிலேயே இறங்கிவிடும். டெல்லியில் ஏறி ஒன்றேகால் மணி நேரத்தில் மூவாயிரம் மீட்டருக்கு மேலே. முழுப் பகலும் கைவசம். "பகல வீணாக்கக் கூடாது" என்று நேராக சாந்தி ஸ்தூபிக்குப் போய், ஐந்நூறு படியையும் இவர் ஏறத் தொடங்கியிருக்கிறார். பாதியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். "மிச்ச நாளெல்லாம் ஓட்டல் ரூம் கூரையத்தான் பாத்தாரு. ஏரி, மடம் எல்லாம் நான் குரூப்போட போய்ப் பாத்துட்டு வந்து சொன்னது" என்றார் பெரியம்மா. "அது ஓட்டல்ல குடுத்த உருளைக்கிழங்கு ஒத்துக்கலடி" என்றார் பெரியப்பா.

பிள்ளைகள் கிளம்பும்போது பட்டியலிலிருந்து பாதிச் சாமான் பையில் ஏறியிருந்தது. விமானத்தில் 15 கிலோதான் என்று கெஞ்சிப் பார்த்தார்கள். ரைஸ் குக்கரை மட்டும் திருப்பித் தர முடிந்தது. ப்ரீபெய்ட் சிம் வெளி மாநிலத்தாருக்கு அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும் என்கிற உருப்படியான ஒரே விஷயத்தைப் பெரியம்மாதான் சொன்னார். அப்புறம் அதற்காக வருத்தப்பட்டிருப்பார். போஸ்ட்பெய்ட் இருந்ததால் பெரியப்பா மூன்று வேளையும் கூப்பிட்டார். முதல் இரண்டு நாளும் தண்ணீர் குடித்துக்கொண்டு சும்மா படுத்திருக்கச் சொல்லிவிட்டார்கள், படுத்திருக்கிறோம், மூன்றாம் நாள்தான் மேலே போகிறோம் என்று பையன் சொல்லியிருக்கிறான். இருவரும் நன்றாகச் சுற்றிவிட்டு உதடு மட்டும் வெடித்துத் திரும்பினார்கள். "நான் சொல்லித்தான் படுத்தான், அதான் பிழைச்சான்" என்று பெரியப்பா தெருவில் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

போன வாரம் சின்ன அத்தை வீட்டில் கொடைக்கானல் போவதாகப் பேச்சு வந்தது. காலண்டர் தாள் கிழிபட்டது. புதுப் பட்டியலில் முதல் வரி மட்டும் மாறியிருந்தது.

"இறங்கின உடனே படுத்துரணும். ரெண்டு நாளைக்குக் கட்டில விட்டு யாரும் எந்திரிக்கக் கூடாது."

"பெரியப்பா, மொத்தமே ரெண்டு நாள்தான் போறோம்."

"அப்ப ரூமை நல்ல ரூமாப் பாத்துப் போடு."