2.4 மில்லிமீட்டர் மனக்குறை

பிரிட்டனின் பிரதான இருப்புப்பாதைகளிலிருந்து நீராவி எஞ்சின்கள் 1968 ஆகஸ்டில் விடைபெற்றுவிட்டாலும், அவற்றின் பொம்மை வடிவங்களைத் தலை நரைத்த பின் பரணிலிருந்து இறக்கித் தூசிதட்டும் கனவான்களுக்கு அந்நாட்டில் குறைவில்லை. அங்கு பெருவழக்கான 'ஓஓ' அளவு, அதாவது எஞ்சினை 76-இல் ஒரு பங்காகச் சுருக்கும் முறை, தண்டவாள இடைவெளியை மட்டும் 16.5 மில்லிமீட்டரில் நிறுத்திக்கொள்கிறது. 1,435 மில்லிமீட்டர் அகலமுள்ள அசல் பாதையை அதே கணக்கில் சுருக்கினால் ஏறக்குறைய 18.9 வந்தாக வேண்டும். எட்டு வயதில் நாற்காலிக் கால்களுக்கிடையே ரயில் விட்டவரின் கண்ணில் படாத இந்தக் குறை, அறுபது வயதில் மூக்குக்கண்ணாடியும் அளவுகோலுமாகக் குனிபவரின் தூக்கத்தையே கெடுத்துவிடுகிறது. இதற்குப் பரிகாரமாக 18.83 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள 'பி4' என்னும் நெறி இருக்கிறது. அதில் தீட்சை பெற்றவர், சக்கரங்களைக் கழற்றி மாற்றி, தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக்கட்டைகளைத் தீக்குச்சி கனத்தில் நறுக்கி, ஒவ்வொன்றாகப் பசைவைத்து ஒட்டி, ஆண்டுக்கணக்கில் ஒரு சாண் நீளத்துக்கு முன்னேறுகிறார் (பேரப்பிள்ளைகள் அறைக்குள் நுழையக்கூடாது என்பது தனி விதி). பாதை அணுவளவும் பிசகாமல் அமைந்திருக்கிறது. ரயில்தான் இன்னும் ஓடவில்லை.