வெற்றிடமும் இரட்டை மேற்கோளும்: ஓர் ஆய்வு

ஆய்வுக் களம்

ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டு வெளியானது 2011 நவம்பர் 11இல். அதில் சொந்தச் சரக்கைச் சேர்க்க விரும்புவோருக்காக, 2012 பிப்ரவரியில் கிரியேஷன் கிட் இலவசமாக வந்தது. அதற்குரிய நிரல்மொழி பாப்பிரஸ். நாம் எழுதுவது விளையாட்டுக்குப் புரியாது. கம்பைலர் மாற்றித் தர வேண்டும். கம்பைலருக்கோ எழுதத் தெரியாது. 2003 முதல் இலவசமாகக் கிடைக்கும் நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற எடிட்டருக்கு எழுத மட்டுமே தெரியும். இருவரையும் இணைத்து வைப்பது, சில வரிகளே கொண்ட ஒரு பேட்ச் கோப்பு. இம்மூன்றைப் பற்றியும் எழுதியோர் பலர். இவற்றின் முகவரிகளில் கிடக்கும் வெற்றிடம் மட்டும் ஆய்வுலகின் கடைக்கண் பார்வைக்கும் ஆளாகவில்லை. அப்பெருங்குறையை இக்கட்டுரை நீக்கும்.

கருதுகோள்

எடிட்டரும் கம்பைலரும் சேரவொட்டாமல் தடுப்பது ஸ்பேஸ் பாரே.

வரலாற்றுப் பின்னணி

டாஸ் காலத்தில் கோப்பின் பெயருக்கு எட்டு எழுத்து, பின்னொட்டுக்கு மூன்று. அந்த நெருக்கடியில் இடைவெளி விடும் ஆடம்பரம் யாருக்கும் தோன்றவில்லை. 1995இல் விண்டோஸ் 95 நீண்ட பெயர்களை அனுமதித்தது. அத்தோடு நில்லாமல், மென்பொருள்கள் குடியேறும் ஃபோல்டருக்கே ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ என்று நடுவே இடம் விட்டுப் பெயர் சூட்டியது. கட்டளை வரி பழமைவாதி. இடைவெளியைக் கண்டதும் கட்டளை முடிந்தது என்றே கொள்ளும்.

சோதனை

நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் எஃப்5 அழுத்தினால் ரன் பெட்டி திறக்கும். அங்கே பேட்ச் கோப்பின் முகவரியையும், திறந்திருக்கும் நிரலின் பெயரையும் தர வேண்டும். பேட்ச் கோப்புக்குள் கம்பைலரின் முகவரியை மேற்கோளின்றி எழுதினால், விண்டோஸ் ‘புரோகிராம்’ வரை படித்துவிட்டு, அப்படியொரு கட்டளையே இல்லை என்று கைவிரிக்கும். இறுதி வரியில் ‘பாஸ்’ கட்டளை இல்லாவிட்டால் கருப்புச் சன்னல் மின்னி மறையும். சான்றும் அதோடு அழியும்.

மிகையும் தீதே. ரன் பெட்டியில் மேற்கோளிட்டு அனுப்பிய பெயருக்குப் பேட்ச் கோப்பிலும் மேற்கோளிட்டால், இரண்டாவது ஜோடி முதல் ஜோடியை முறித்துவிட, வெற்றிடம் மறுபடி வெளியே வரும். வந்த மேற்கோளைக் களைந்துவிட்டுப் புதிதாக இடுவதே முறை. அதற்கு, பேட்ச் கோப்பில் அப்பெயரைக் குறிக்கும் ‘%1’ என்பதை ‘%~1’ ஆக்கி மேற்கோளிட்டால் போதும்.

மறுப்பும் விடையும்

இடைவெளியற்ற ஃபோல்டரில் விளையாட்டை நிறுவினால் சிக்கலே எழாது என்பர் ஒரு சாரார். நடைமுறைக்கு உகந்த யோசனை. ஆகவே ஆய்வுக்கு உதவாது.

2016இல் வந்த ஸ்பெஷல் எடிஷனே உண்மைக் குற்றவாளி என்பர் மற்றொரு சாரார். ‘ஸ்கிரிப்ட்ஸ்’ ஃபோல்டருக்குள் இருந்த ‘சோர்ஸ்’, அதில் வெளியே வந்து ‘ஸ்கிரிப்ட்ஸை’த் தனக்குள் அடக்கிக்கொண்டது. பழைய பேட்ச் கோப்பு மூலநிரல்களைத் தேடித் திகைக்கிறது. உண்மைதான். எனினும் அது மாமியார்–மருமகள் அதிகார மாற்றம். சமூகவியல் துறையினர் கவனிக்கட்டும்.

முடிவு

முகவரி வரும் இடமெல்லாம் இரட்டை மேற்கோள் ஒரு ஜோடி தேவை. ஒரு ஜோடியே தேவை. 64 பிட் விண்டோஸில் 32 பிட் மென்பொருள்களின் ஃபோல்டருக்கு ‘புரோகிராம் ஃபைல்ஸ் (எக்ஸ்86)’ என்று பெயர். பேட்ச் கோப்பின் ‘இஃப்’ தொகுதிக்குள் மேற்கோளின்றி அது விரிந்தால், அந்த அடைப்புக்குறி தொகுதியையே பாதியில் மூடிவிடும். நிதி ஒதுக்கப்பட்டால், அடைப்புக்குறிக்குத் தனி ஆய்வேடு சமர்ப்பிக்கச் சித்தமாயிருக்கிறோம்.