நேற்று அற்புதம்

விடியலை விற்கிறவருக்கு ஒரு சங்கடம் உண்டு. சரக்கு அவர் கையில் இல்லை. காய்கறிக்காரர் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கச் சொல்லலாம். ஜவுளிக்கடைக்காரர் சேலையை வெளிச்சத்தில் விரித்துப் போடலாம். சூரியோதயத்துக்கு முன்பணம் வாங்கியவர் எதைக் காட்டுவார்? அதனால்தான் அவர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு நேற்றை வைத்திருக்கிறார்.

ஜாவாத் தீவில் ஜோக்ஜகர்த்தா என்றொரு நகரம். உள்ளூர்க்காரர்கள் வாயில் ஜோக்ஜா. அங்கே இந்த ரகத்து மனிதர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அதிகாலை மூன்று மணிக்கு ஹோட்டல் வாசலில் வண்டியோடு நிற்பார்கள். குன்றின் மேல் சூரியோதயம், அப்புறம் போரோபுதூர், மெண்டுட் கோயில்கள், மதியத்துக்கு மேல் பிரம்பனான் என்று ஆயிரத்து இருநூறு வருஷத்தை ஒரே பகலில் சுற்றிக் காட்டிவிட்டு, இருட்டுவதற்குள் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். கைடு என்றால் பாதிதான் சொன்னதாகும். டிரைவர் அவர், போட்டோ எடுப்பவர் அவர், படியேறும்போது பையைச் சுமப்பவர் அவர், வானம் கைவிட்டால் வானத்தின் சார்பில் வருத்தம் தெரிவிப்பவரும் அவர்தான்.

எங்களுக்கு வாய்த்தவருக்கு நாற்பது வயது இருக்கும். கொட்டாவியோடு வந்த என்னை 'பாக்' என்றார், என் மனைவியை 'இபு' என்றார். ஐயா, அம்மா என்கிற மாதிரி. தன்னை 'மாஸ்' என்று கூப்பிட்டால் போதும் என்றார். ஜாவாவில் மாஸ் என்றால் அண்ணன். முன்பின் தெரியாத ஆளை மரியாதையாக அழைக்கவும் அதுதான் சொல். இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அந்த மூன்று மணி இருட்டில் என் மனைவிக்குத் தூக்கம் சட்டென்று கலைந்தது.

"என்னங்க, தன்னைத்தானே மாஸுன்னு சொல்லிக்கிறாரு?"

பெல்ட்டைத் தேடி மாட்டுவதற்குள் முன் சீட்டிலிருந்து போன் நீண்டு வந்தது. படத்தில் இரண்டு மலைகள். நடுவே குங்குமப்பொட்டு மாதிரி சூரியன். கீழே பால் கொட்டியதுபோல் பனி. அதன் மேல் மிதக்கிற போரோபுதூர்.

"நேற்று," என்றார் மாஸ். "நேற்று அற்புதம்!"

"இன்னிக்கு எப்படி இருக்கும்?"

"இன்று..." என்று இழுத்தவர் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

நாங்கள் போனது ஜனவரியில். விமான டிக்கெட் மலிவாகக் கிடைத்தது. ஏன் மலிவு என்று யோசிக்கும் பக்குவம் எனக்கு இன்னும் வரவில்லை. ஜாவாவில் அது நல்ல மழைக்காலம். ஊர் எல்லை தாண்டியதும் முன்கண்ணாடியில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு பத்துச் சொட்டு. மாஸ் வைப்பரைப் போடவில்லை. போட்டால் மழையை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் அல்லவா? கண்ணாடி முழுக்க முத்து முத்தாய்க் கோத்துக்கொண்ட பிறகு, எங்கள் கவனத்தை இடப்பக்கம் திருப்பிவிட்டு, ஒரே ஒரு தடவை துடைத்துக்கொண்டார்.

இடப்பக்கம் பார்க்க விஷயமும் இருந்தது. முந்திலான் பக்கம் சாலையோரமெல்லாம் கல்தச்சர் பட்டறைகள். மெராப்பி எரிமலை கக்கிய கல்லில்தான் செதுக்குகிறார்கள். ஹெட்லைட் வெளிச்சத்தில் தலையில்லாத புத்தர்களும் புத்தரில்லாத தலைகளும் வந்து வந்து போனார்கள். எங்கோ பள்ளிவாசலில் பாங்கு கேட்டது.

புந்துக் செத்தும்பு என்ற அந்தக் குன்று ஒன்றும் பெரிய மலையில்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 400 மீட்டர். ஆனால் காபி குடிக்காத வயிற்றுக்கு எல்லாக் குன்றும் இமயம்தான். மேலே ஏற்கெனவே பத்திருபது பேர் முக்காலி ஊன்றிக் கிழக்கைப் பார்த்துக் காத்திருந்தார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு மாஸ். ஒவ்வொரு மாஸ் கையிலும் ஒரு போன். ஒவ்வொரு போனிலும் ஒரு நேற்று.

எங்கள் மாஸ் வானத்தை அண்ணாந்து பார்த்தார். "மெண்டுங்," என்றார் மெதுவாக.

"மெண்டுட்டா? எங்கே?" என்று என் மனைவி இருட்டில் கோயிலைத் தேடினாள்.

மெண்டுட் கோயில், மெண்டுங் என்றால் மப்பு. மாஸ் திருத்தவில்லை. "அது அப்புறம், இபு" என்றார். இரண்டுக்குமே அந்தப் பதில் பொருந்தும்.

இந்த மனிதர்களின் அகராதியில் கெட்ட வானிலை கிடையாது. பனி மூடினால் 'மிஸ்டிக்'. தூறினால் 'ரொமான்டிக்'. எதிரே நிற்கிற மரமே தெரியாவிட்டால் 'தியானத்துக்கு உகந்தது'. ஐந்தரை மணிக்குக் கிழக்கு வெளுத்தது. வெளுத்தது என்றால் நிஜமாகவே வெளுப்பு. வேட்டிக்கு நீலம் போட்ட மாதிரி ஒரு வெள்ளை, எட்டுத் திசையும். சூரியன் வந்துவிட்டதா, வரப் போகிறதா, விடுப்பில் இருக்கிறதா என்று கடிகாரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நடுவில் ஒரு கணம் பனி கொஞ்சம் விலகியது. கீழே எள்ளுருண்டை அளவுக்குக் கருப்பாய் எதுவோ தெரிந்தது. "போரோபுதூர்!" என்று எல்லா மாஸ்களும் ஒரே குரலில் சொன்னார்கள். அதற்குள் மூடிக்கொண்டது.

"திரும்பி நில்லுங்கள், படம் எடுக்கிறேன்" என்றார் மாஸ். நின்றோம். "அசைய வேண்டாம்... இன்னும் கொஞ்சம்... சிரியுங்கள், இபு!" அவர் முகத்தில் திடீரென்று ஒரு வெளிச்சம் வந்ததைக் கவனித்தேன். படபடவென்று எடுத்துத் தள்ளினார். திரும்பிப் பார்த்தோம். பழைய வெள்ளைதான். இந்தத் தொழிலின் விசித்திரமே இதுதான். மூன்று மணிக்கு எழுந்து, மூச்சு வாங்கப் படியேறி, கடைசியில் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறவர்கள் நாம். உதயத்தை நேருக்கு நேர் பார்க்கிறவர் மாஸ் ஒருவர்தான்.

டீக்கடை பெஞ்சில் பிசாங் கோரெங் வந்தது. நம் பழ பஜ்ஜிக்குச் சித்தப்பா மகன். கூடவே அடியில் சேறு மாதிரி தூள் தங்கும் காபி. சூடு உள்ளே இறங்கியதும் என் மனைவிக்கு விசாரணை செய்யும் தெம்பு வந்துவிட்டது. சூரியன் எந்தப் பக்கம் வரும் என்று கேட்டாள். மாஸ் தொழில் சுத்தத்தோடு விளக்கினார்: வடக்கே இருப்பது மெர்பாபு, இந்தப் பக்கம் மெராப்பி. ஜூன், ஜூலையில் சூரியன் இரண்டுக்கும் நடுவில் வரும். ஜனவரியில் தெற்கே தள்ளி, மெராப்பிக்கு வலது பக்கம் வெகுதூரத்தில் வரும்.

"அப்ப நேத்து மட்டும் எப்படி ரெண்டு மலைக்கும் நடுவுல வந்தது?"

நான் பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டேன். வேறொருவராக இருந்தால் நெளிந்திருப்பார். மாஸ் முகம் மலர்ந்தது. ஒரு நல்ல மாணவியைக் கண்ட வாத்தியாரின் மகிழ்ச்சி. இந்தோனேசிய மொழியில் நேற்றுக்கு 'கெமாரின்' என்று பெயராம். ஆனால் பேச்சு வழக்கில் அந்த வார்த்தை முந்தாநாளையும் தாங்கும், போன மாதத்தையும் தாங்கும். வினைச்சொல்லுக்கு அங்கே இறந்தகாலம், எதிர்காலம் என்ற விகுதியே கிடையாது. வந்தான், வருகிறான், வருவான் எல்லாவற்றுக்கும் ஒரே சொல். "அது கெமாரின் எடுத்த படம், இபு. ஜூலை கெமாரின்." பொய் என்று எப்படிச் சொல்வது? இலக்கணமே அவர் கட்சி.

குன்றிலிருந்து கொஞ்ச தூரத்தில் புறா வடிவில் ஒரு பிரார்த்தனைக் கூடம் இருக்கிறது. கட்டியவர் மனதில் இருந்தது புறா. தலையில் கிரீடம் வைத்ததோடு ஊரார் அதைக் கோழி மாதாகோயில் ஆக்கிவிட்டார்கள். இப்போது உலகத்துக்கே அது கோழிதான். "விடியல் டூருக்குப் புறாவை விடக் கோழி பொருத்தம்" என்றார் மாஸ். சாயங்காலம் வரைக்கும் எனக்கு அந்தப் பேச்சின் முழு அருமை புரியவில்லை.

போரோபுதூருக்கு வந்ததும் மனிதர் வேறு ஆளாகிவிட்டார். வானத்துக்குப் பொறுப்பேற்ற கூச்சம் போய், கல்லுக்குப் பொறுப்பேற்ற மிடுக்கு வந்துவிட்டது. நாங்கள் போனபோது மேலே ஏற நாளொன்றுக்கு 1200 பேருக்குத்தான் அனுமதி. கல் தேயாமல் இருக்க 'உபானத்' என்ற பின்னல் செருப்பு ஒன்றைக் கொடுக்கிறார்கள். மேலே கூட்டிப்போக ஒரு கைடும் வருவார். எங்கள் மாஸ் அவரிடம் எங்களை ஒப்படைப்பதற்கு முன் கீழேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்: 504 புத்தர்கள், துளையிட்ட 72 ஸ்தூபிகள், 2672 சிற்பப் பலகைகள், ஏறக்குறைய 20 லட்சம் கல். ஒன்பதாம் நூற்றாண்டு சைலேந்திர மன்னர்களைப் பற்றிப் பேசும்போது, போன வாரம் காலி செய்துவிட்டுப் போன வாடகைக்காரர்களைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருந்தது. 1814ல் ஆங்கிலேய ஆளுநர் ராஃபிள்ஸ் ஆளனுப்பியதும், 200 பேர் 45 நாள் மரத்தை வெட்டி மண்ணை அகற்றியதும் அவர் கணக்கில் கெமாரின்தான். 1896ல் சயாம் மன்னர் சுலலோங்கோர்ன் வந்தபோது டச்சுக்காரர்கள் எட்டு வண்டிச் சிற்பங்களைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். "எட்டு வண்டி, பாக்!" என்று எட்டு விரலைக் காட்டினார். அந்த வண்டிகள் இன்னும் பாங்காக் போய்ச் சேர்ந்திருக்காது, விரட்டினால் பிடித்துவிடலாம் என்கிற பதற்றம் அதில் இருந்தது.

ஒரே ஒரு நேற்றை மட்டும் அவர் அற்புதம் என்று சொல்லவில்லை. 2010ல் மெராப்பி வெடித்து இந்தக் கோயில் முழுக்கச் சாம்பல் படிந்தது. ஊர்க்காரர்கள் வாளியும் துடைப்பமுமாக வந்து புத்தர்களைத் துடைத்திருக்கிறார்கள். இவரும் போயிருக்கிறார். "தோள், மடி, உள்ளங்கை, எல்லா இடத்திலும் சாம்பல்," என்று தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். படம் இருக்கிறதா என்று கேட்டேன். எடுக்கவில்லை என்றார்.

மெண்டுட்டில் மூன்று மீட்டர் உயர புத்தர், நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி காலைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்கிறார். படியேறி இறங்கிய எங்களுக்கு அவரைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. நடுவே, மரநாய் தின்று கழித்த கொட்டையிலிருந்து காபி போடும் கடை ஒன்றில் வண்டி தானாக நின்றது. எந்த டூரிலும் இந்த இடத்தில் வண்டிகள் தானாகத்தான் நிற்கும். உள்ளே மாஸுக்கு மட்டும் சாதாரண காபி கொடுத்தார்கள்.

பிரம்பனான் வந்தபோது வெயில் சுள்ளென்று அடித்தது. காலையில் வரவேண்டிய சூரியன் மூன்று மணிக்கு வந்து முழுக் கூலிக்கு வேலை பார்த்தது. சிவன் கோயில் மட்டும் 47 மீட்டர். சுற்றிலும் கற்குவியல்கள். ஆதியில் 240 கோயில்கள் இருந்தனவாம். ஒரு கோயிலைத் திரும்ப எழுப்ப வேண்டுமானால் அதன் சொந்தக் கல்லில் முக்கால் பங்காவது கிடைத்திருக்க வேண்டும் என்று விதி. மிச்சக் கால் பங்குக்குத்தான் புதுக்கல். மாஸின் கதைகளும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டுக் கட்டியவை என்றே நினைக்கிறேன்.

தெற்குக் கருவறையில் தாடியும் தொந்தியுமாக ஒருவர் நின்றார். "அகஸ்த்யா," என்றார் மாஸ்.

என் மனைவி கைகூப்பிவிட்டாள். "அட, நம்ம பொதிகைமலை அகத்தியருங்க! இவர் எப்ப இங்கே வந்தார்?"

கோயிலைப் பற்றிய கல்வெட்டு 856ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மாஸ் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்: "கெமாரின்."

வடக்கு அறையில் எருமையின் மேல் நிற்கிற துர்க்கைக்கு ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ரோரோ ஜோங்ராங். அவள் ஒரு இளவரசியாம். தகப்பனைக் கொன்ற பண்டுங் போண்டோவோசோ அவளையே பெண் கேட்டான். ஒரே ராத்திரியில் ஆயிரம் கோயில் கட்டினால் சரி என்றாள். அவன் பூதங்களைக் கூட்டிக் கட்ட ஆரம்பித்தான். 999 ஆகிவிட்டது. இளவரசி ஊர்ப் பெண்களை எழுப்பி உலக்கை போடச் சொன்னாள். கிழக்கே தீ மூட்டச் சொன்னாள். வானம் சிவந்தது, நெல் குத்தும் சத்தம் கேட்டது, சேவல்கள் ஏமாந்து கூவின. விடிந்துவிட்டதென்று பூதங்கள் ஓடிப்போயின. கோபத்தில் அவன் சபித்தான். அவளே ஆயிரமாவது சிலையானாள்.

இதைச் சொல்லும்போது மாஸின் குரலில் இருந்த பக்தி வேறு எந்தத் தெய்வத்துக்கும் அன்று கிடைக்கவில்லை. சூரியனே இல்லாமல் சூரியோதயம் காட்டியவள். அதுவும் கோழி கூவ, எல்லோரும் நம்பும்படி.

திரும்பும் வழியில் அவர் போன் மணி அடித்தது. நாளைக்கு வருகிற ஆட்கள் போலிருக்கிறது. "பெசோக்" என்றார், நாளை. "ஹரி இனி பாகுஸ் செகாலி" என்றார். இன்று ரொம்ப நன்றாக இருந்தது என்று அர்த்தம். நாங்கள் இருவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டோம்.

ஹோட்டல் வாசலில் இறங்கியதும் காலையில் எடுத்த படங்களை என் போனுக்கு அனுப்பினார். ஆறாவது படத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் முதுகுக்குப் பின்னால், வலது பக்கம் வெகு தள்ளி, மேகம் ஒரு விரற்கடை பிளந்து அதில் ஆரஞ்சுச் சுளை மாதிரி சூரியன்! கீழே பனியில் மிதக்கிற போரோபுதூர்!

"பாக்," என்றார் மாஸ், கொஞ்சம் கூச்சத்தோடு. "இந்தப் படத்தை நாளைக்கு வருகிறவர்களுக்குக் காட்டலாமா? இது நிஜமான நேற்று."

என் மனைவி போனை வாங்கி, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"வேண்டாங்க. ஜூலைல எடுத்ததையே காட்டச் சொல்லுங்க. இதுல நான் கண்ணை மூடிட்டிருக்கேன்."