மத்தளம்பாறைக்கு முன்னும் பின்னும்

எங்கள் காலத்துத் தென்காசியில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று காசிவிசுவநாதர் கோயில், மற்றது கம்ப்யூட்டர் சென்டர். சென்டரில் ஏ.சி. இருந்ததால் அங்கே பக்தி கொஞ்சம் கூடுதல். ‘டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட்’ என்றிருந்த பழைய போர்டின் கீழே புதுப் பெயிண்டில் ‘கம்ப்யூட்டர்’ என்று ஒரு வரி ஏறியிருந்தது. முன்னறையில் ரெமிங்டன் மெஷின்கள் தடதடக்கும். உள்ளறையில் துணி உறை போர்த்திய கம்ப்யூட்டர்கள். மாஸ்டர் அந்த உறையை விலக்குவது தீபாராதனைக்குத் திரை விலக்குவது போலிருக்கும்.

மாஸ்டர் டாஸ் கட்சி. கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கத் தெரிந்தவன்தான் படித்தவன், மவுஸைப் பிடித்து உருட்டுகிறவன் விளையாட்டுப் பிள்ளை என்பது அவர் கொள்கை. 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வெளிவந்தபோது அமெரிக்காவில் நள்ளிரவில் கடை வாசலில் கூட்டம் வரிசை கட்டியதாம். தென்காசியில் யாரும் வரிசையில் நிற்கவில்லை. காசு கொடுத்து வாங்கவும் இல்லை. திருநெல்வேலியில் யாரிடமோ இருந்தது, ஃப்ளாப்பி ஃப்ளாப்பியாக பஸ்ஸில் வந்து சேர்ந்தது. சாரல் காலத்தில் ஒரு ஃப்ளாப்பி பூஞ்சை பிடித்துவிட்டால் மறுபடி பஸ் ஏற வேண்டும். 2001-இல் எக்ஸ்பி வந்தபின் அந்தச் சிரமமும் போயிற்று. ஒரே சிடி, அதன் மேல் மார்க்கர் பேனாவில் கிறுக்கிய 25 எழுத்து. தென்காசி, இலஞ்சி, செங்கோட்டை, பாவூர்சத்திரம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே நம்பர். தன் ரேஷன் கார்டு நம்பர் தெரியாதவனுக்குக்கூட அது மனப்பாடம்.

எதிர்க்கட்சி லினக்ஸ். வெளியூரில் இன்ஜினியரிங் படித்த பையன்கள் லீவுக்கு வரும்போது ‘பிசி குவெஸ்ட்’ பத்திரிகையோடு கிடைத்த லினக்ஸ் சிடியைக் கொண்டுவருவார்கள். சீசன் நேரம். ஐந்தருவியில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு மிளகாய் பஜ்ஜி தின்ன உட்கார்ந்தால் சண்டை தொடங்கும். பில்கேட்ஸின் ஏகபோகம், 1991-இல் ஃபின்லாந்தில் ஒரு மாணவராக இருந்தபடியே லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதி வெளியிட்ட கெர்னல், ஸ்டால்மனின் சுதந்திரக் கொள்கை என்று ஒருவன் அடுக்குவான். “அதுல வேர்டு ஓடுமால?” என்று இன்னொருவன் கேட்பான். பஜ்ஜி ஆறிவிடும்.

அந்தச் சண்டையின் வரவு செலவுதான் இன்றும் எனக்கு ருசிக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டியதைச் சும்மா வாங்கியவன் ஒரு கட்சி. சும்மா கிடைப்பதைப் பத்திரிகை விலை கொடுத்து வாங்கியவன் மறு கட்சி. முதலாமவன் தொழில் தர்மம் பேசினான். இரண்டாமவன் விடுதலை பேசினான்.

விடுதலைக்கு ஒரு தடங்கல் இருந்தது. அன்றைய மலிவு மோடம்களில் பல விண்டோஸ் தவிர எதனோடும் பேசாது. அதை லினக்ஸில் பேசவைக்கும் டிரைவர் இன்டர்நெட்டில் இருக்கிறது. இன்டர்நெட்டுக்குப் போக மோடம் வேண்டும். ஆகவே புரட்சிக்காரர்கள் ப்ரவுசிங் சென்டருக்குப் போய், விண்டோஸ் 98 முன்னால் உட்கார்ந்து, மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து லினக்ஸைப் பற்றிப் படித்தார்கள்.

எங்கள் பக்கத்தில் காசும் மானமும் நிஜமாகவே போன சண்டை வேறு: தமிழ் ஃபாண்ட் சண்டை. கல்யாணப் பத்திரிகையை இங்கே டைப் அடித்து ஃப்ளாப்பியில் சிவகாசி பிரஸ்ஸுக்கு அனுப்புவார்கள். இங்கே ஒரு ஃபாண்ட், அங்கே வேறு. மாப்பிள்ளை பெயர் இருந்த இடத்தில் சிவகாசித் திரையில் டாலர் குறியும் கேள்விக்குறியும் நிற்கும். ஒவ்வொரு சாஃப்ட்வேர்காரரும் ‘அ’னாவுக்குத் தன் இஷ்டப்படி ஒரு எண் கொடுத்து வைத்திருந்ததால் வந்த வினை. தீர்த்து வைக்க 1999 பிப்ரவரியில் சென்னையில் மாநாடு கூட்டினார்கள். ‘தமிழ்99’ கீபோர்டு வந்தது. கூடவே டாம், டாப் என்று குறியீடு இரண்டு வந்தது. வெளியே டிஸ்கி என்று மூன்றாவது ஒன்று ஏற்கனவே உலாவிக்கொண்டிருந்தது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவர்கள் இதில் எதையும் சட்டை செய்யாமல் பழைய மெஷின் கீபோர்டு வரிசையிலேயே அடித்தார்கள். 2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. துணைக்கு டேஸ்16 என்று இன்னொன்றையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டது. தமிழனுக்கு எதுவும் ஒன்றாக வரக்கூடாது போலும்.

அடுத்த வருடம் லினக்ஸ் கட்சிக்கு நல்ல காலம் பிறந்தது. தமிழக அரசு நிறுவனமான எல்காட்டில் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோதே அங்கே லினக்ஸ் நுழைந்துவிட்டது என்று டீக்கடையில் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில், மாணவர்களுக்கு அரசு லேப்டாப் கொடுக்கத் தொடங்கினார்கள். மூடியில் முதல்வர் ஜெயலலிதா படம். உள்ளே விண்டோஸும், சி-டாக் தயாரித்த பாஸ் லினக்ஸும் ஒண்டுக்குடித்தனம். ஓட்டு வீட்டிலும் லினக்ஸ் நுழைந்துவிட்டது என்று எங்கள் லினக்ஸ் தோழர்களுக்குத் தலைகால் புரியவில்லை. லேப்டாப் வந்து கொஞ்ச நாளில் எங்கள் சர்வீஸ் கடை அண்ணாச்சி வாசலில் ஓர் அட்டை தொங்கியது: ‘அரசு லேப்டாப்பில் பாஸ் நீக்கித் தரப்படும்’. பாஸ் இருந்த இடத்தைக் காலி பண்ணினால் இன்னும் கொஞ்சம் படம் ஏற்றிக்கொள்ளலாம்.

“அதுவும் நல்ல சிஸ்டம்தானே அண்ணாச்சி?”

“நல்லதுதாம்வே. யாரு இல்லன்னா? பையன் எடுக்கச் சொல்லுதான், எடுக்கேன்.”

அப்படி லினக்ஸை வழித்தெறிந்த பையன்கள் இரண்டு மூன்று வருடத்தில் ஆண்ட்ராய்டு போன் வாங்கினார்கள். ஆண்ட்ராய்டுக்கு அடியில் ஓடுவது லினக்ஸ் கெர்னல். டோர்வால்ட்ஸின் சரக்கு கடைசியில் ஊரில் எல்லார் சட்டைப்பையிலும் ஏறிவிட்டது. கொண்டாட ஆளில்லை. தோழர்களில் பலர் அதற்குள் மைக்ரோசாஃப்ட் டாட்நெட்டில் வேலை கிடைத்து பெங்களூர் போயிருந்தார்கள்.

போன் சண்டையில் சிரிக்க முடியாத ஒரு பக்கமும் உண்டு. டார்ச் லைட் வைத்த நோக்கியா 1100 இல்லாத வீடு ஒரு காலத்தில் எங்கள் பக்கத்தில் அபூர்வம். 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை திறந்தார்கள், ஆயிரக்கணக்கான இளம்பெண்களுக்கு வேலை கிடைத்தது. 2011-இல் நோக்கியா தன் சிம்பியனை விட்டு விண்டோஸைக் கைப்பிடித்தது. 2014-இல் போன் தொழிலையே மைக்ரோசாஃப்டுக்கு விற்றது. வரித் தகராறில் சிக்கிய ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. அந்த நவம்பரில் பூட்டிவிட்டார்கள். ஆப்பரேட்டிங் சிஸ்டம் போட்டியில் நாங்கள் இழந்தது பஜ்ஜியின் சூடு; அந்தப் பெண்கள் இழந்தது சம்பளம். பிறகு அந்த ஆலையை சால்காம்ப் எடுத்துக்கொண்டது, ஆப்பிளுக்கு சார்ஜர் செய்து கொடுக்கும் கம்பெனி. 2020-இல் ஆப்பிள், ஐபோன் பெட்டிக்குள் சார்ஜர் வைப்பதையே நிறுத்தியது. இப்போது சீசனில் பேரருவிக்கு வருகிறவர்கள் இ.எம்.ஐ. முடியாத ஐபோனை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குளிக்கிறார்கள். தண்ணீர் தாங்கும் என்று காசு கொடுத்து வாங்கிய போனுக்கு மேலே இன்னொரு உறை.

அன்றைக்கு சாஃப்ட்வேர் வேலை என்றால் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏற வேண்டும். ஏறாதவனுக்குப் பெண் கிடைக்காது. 2011-இல் ஜோஹோ கம்பெனி தென்காசிக்கு வந்து மத்தளம்பாறையில் ஆபீஸ் போட்டபோது ஊர் நம்பவில்லை. ஏமாற்றும் சீட்டுக் கம்பெனியாக இருக்குமோ என்றுகூட விசாரித்தார்கள். அங்கே உருவான ‘ஜோஹோ டெஸ்க்’ வெளிநாட்டுக் கம்பெனிகளோடு போட்டிக்கு நின்றது. பிறகு ஸ்ரீதர் வேம்பு தாமே மத்தளம்பாறைக்குக் குடிவந்தார். வேட்டி கட்டி சைக்கிளில் போகிறவர் பெரிய கம்பெனி முதலாளி என்று சொன்னால், “அப்போ கார் எங்க?” என்று கேட்ட பெரியவர் எங்கள் தெருவில் உண்டு. அங்கே வேலை பார்க்கும் பையன் மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வந்தால் பக்கத்து வீட்டு ஆச்சி இன்னும் கேட்கிறாள்: “ஏம்யா, லீவா? வேலைய விட்டு எடுத்துட்டானா?”

2025 செப்டம்பர் கடைசியில் ஜோஹோவின் ‘அரட்டை’ செயலி திடீரென்று ஏறியது. 2021-லேயே வந்ததுதான், மத்திய அமைச்சர்கள் சுதேசி என்று எடுத்துச் சொன்னதும் எல்லார் கண்ணிலும் பட்டது. எங்கள் குடும்ப குரூப்பில் மாமா எழுதினார்: ‘நம்ம மத்தளம்பாறை ஆப். எல்லாரும் உடனே அரட்டைக்கு வரவும். இதைப் பத்து பேருக்கு அனுப்பவும்.’ எழுதியது வாட்ஸ்அப்பில். எல்லாரும் போனோம். மாமா அங்கே ஒரு காலை வணக்கம் போட்டார், தாமரைப் பூவோடு. பத்து நிமிஷம் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்புக்குத் திரும்பி, ‘அரட்டையில் பூ அனுப்பியிருக்கேன், யாரும் பார்க்கலையா?’ என்றார்.

அந்த அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும்; ஓடிக்கொண்டிருக்கிற எத்தனையோ பழைய மெஷின்கள் ஒரே நாளில் தீண்டத்தகாதவை ஆயின. என்னுடையதையும் தூக்கிக்கொண்டு அண்ணாச்சி கடைக்குப் போனேன். மேஜை மேல் வரிசையாக அதே ரகம். எல்லாவற்றிலும் லினக்ஸ் மின்ட் ஏறிக்கொண்டிருந்தது.

“என்ன அண்ணாச்சி, கட்சி மாறிட்டீயளா?”

“கஸ்டமர்ட்ட லினக்ஸ்னு சொல்லுதது இல்ல. புது மாடல் விண்டோஸ்னு சொல்லுதேன். ஓடுதுல்லா, போதும்.”

“அப்போ பாஸை எடுக்க எவ்வளவு வாங்குனீய?”

“எரநூறு.”

“இப்போ இதப் போட?”

“ஐநூறு. வெலவாசி ஏறிட்டுல்லா.”