ஓதம், சிலிண்டர், பெரியம்மா: பொன்னேரி வீடுகளில் வினைல் தரை குறித்த முதற்கட்ட ஆய்வு

முன்னுரை

பொன்னேரிக்கு வரலாற்று ஆர்வலர்கள் வந்திருக்கிறார்கள். அகத்தீஸ்வரர் கோயிலைப் பார்த்தார்கள், கரிகிருஷ்ணப் பெருமாளைச் சேவித்தார்கள், அப்படியே பழவேற்காட்டுக்குப் போய் டச்சுக் கல்லறைகளின் எழுத்துகளைப் படி எடுத்தார்கள். திட்ட வல்லுநர்களும் வந்தார்கள். 2014 மத்திய பட்ஜெட்டில் கிருஷ்ணபட்டினம், தும்கூருடன் பொன்னேரியின் பெயரும் ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் ஏறியது. இத்தனை பேர் வந்துபோன ஊரில், ஒருவராவது குனிந்து, வீட்டுக் கூடத்தில் சனங்கள் என்ன விரித்திருக்கிறார்கள் என்று பார்த்ததாகத் தெரியவில்லை. அந்தக் குறையைப் போக்க இக்கட்டுரை குனிகிறது.

ஆய்வுப் பொருளும் வகைகளும்

வினைல் தரை பி.வி.சி. குலத்தைச் சேர்ந்தது. தண்ணீர்க் குழாய், மின்கம்பியின் உறை, வாசலில் ஒட்டும் ஸ்டிக்கர் கோலம் ஆகியோர் பங்காளிகள். வீடுகளில் மூன்று வகை புழங்குகிறது. முதலாவது ரோல், தேவையான நீளத்துக்கு வெட்டி வாங்கி அப்படியே விரிப்பது. இரண்டாவது பசை தடவி ஒட்டும் பட்டை. பெரும்பாலும் 2 மி.மீ. கனம். மூன்றாவது கிளிக் பட்டை. சுண்ணாம்புக்கல் தூளும் பி.வி.சி.யும் கலந்து 4 முதல் 6 மி.மீ. கனத்தில் அழுத்தியது. ஒன்றின் ஓரத்தை மற்றொன்றின் பள்ளத்தில் கோத்துத் தட்டினால் போதும், பசை வேண்டாம்.

கடைக்காரர் ‘தேக்கு’ என்று காட்டுவது தேக்கின் புகைப்படம். ‘இத்தாலி மார்பிள்’ என்பதும் அவ்வாறே. படத்துக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு தேய்மானப் படலம் இருக்கிறது. தரையின் ஆயுள் அதில்தான் அடங்கியிருக்கிறது. வீட்டுப் புழக்கத்துக்கு 0.3 மி.மீ., கடைக்கும் அலுவலகத்துக்கும் 0.5 மி.மீ. என்பது பொதுவான கணக்கு. மலிவான ரோல்களில் அது 0.1 மி.மீ. அளவுக்குக்கூட மெலிந்திருக்கும். குடும்பம் முழுவதும் கூடி ஒரு மணி நேரம் விவாதிப்பது புகைப்படத்தைப் பற்றி. படலத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

இங்கே ஓர் அளவைக் குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். கேட்லாக்கில் ‘12 மில்’ என்று போட்டிருந்தால் அது மில்லிமீட்டர் அன்று. மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே 12 மில் என்பது 0.3 மி.மீ.தான். அரை அங்குலத்துக்குக் கிட்டத்தட்ட கனம் கிடைத்துவிட்டது என்று மனம் பூரித்து முன்பணம் கொடுப்பவர்களுக்காக இந்தப் பத்தி சேர்க்கப்பட்டது.

முன்னோடிகள்

1872இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஆய்கன் பவுமான், வினைல் குளோரைடு வாயு அடைத்த குடுவையை வெயிலில் விட்டுவைத்தார். உள்ளே வெள்ளையாக ஏதோ திடப்பொருள் உறைந்திருந்தது. அதை வைத்து என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை, அடுத்த அரை நூற்றாண்டில் வந்தவர்களுக்கும் பெரிதாகப் பிடிபடவில்லை. 1926இல் அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தில் வால்டோ செமன், ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்கும் பசை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். பசை கிடைக்கவில்லை, வளைந்து கொடுக்கும் பி.வி.சி. கிடைத்தது. பசையைத் தேடப்போய்ப் பிறந்த பொருளின் ஒட்டும் வகை இன்று ஒரு டப்பா பசை இல்லாமல் தரையில் நிற்க மறுப்பதை அறிவியல் வரலாற்று ஆசிரியர்கள் இன்னும் போதுமான அளவு ரசிக்கவில்லை. 1933 சிகாகோ உலகக் கண்காட்சியில் வினைல் தரை பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. தமிழ்நாட்டில் 1967 முதல் மேட்டூரில் பி.வி.சி. உற்பத்தி நடக்கிறது.

உள்ளூர்ச் சான்று வேண்டுவோர் பெரம்பூர் வரை போனால் போதும். அங்கே 1955 முதல் இயங்கும் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் கட்டிய ரயில் பெட்டிகளில், அழுத்திய பலகைமேல் பி.வி.சி. விரிப்பு ஒட்டப்பட்டது. டிரங்குப் பெட்டி, கொட்டிய டீ, வேர்க்கடலைத் தோல், குழந்தை, கால் நீட்டிய பெரியவர் என்று அந்தத் தரை பார்க்காத சோதனை இல்லை. ரயிலில் நிற்பது வீட்டில் ஏன் நிற்கவில்லை என்ற கேள்விக்கான விடை எளியது: ரயில் பெட்டிக்கு அடியில் நிலத்தடி நீர் கிடையாது.

காரணி 1: ஓதம்

பொன்னேரிக்குக் கிடைத்திருப்பது ஆரணி ஆற்றின் கடைசிப் பகுதி. சற்றுக் கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி. வடகிழக்குப் பருவமழை நேராக முகத்தில் அடிக்கும் இடம். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் உட்புகுந்தது 1960களின் இறுதியிலிருந்தே பேசப்படும் செய்தி. ஆக, இந்த வட்டாரத்தில் தரைத்தளத்து வீடு என்பது மேலே மின்விசிறியும் கீழே ஈரமும் உள்ள ஓர் ஏற்பாடு. சுவர் அடியில் உப்புப் பூப்பதும், ஒரு முழ உயரத்துக்குப் பூச்சு பொரிந்து உதிர்வதும் இங்கே யாருக்கும் புதிதல்ல.

பழைய சிவப்புச் சிமெண்ட் தரை இந்த ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே விட்டுக்கொண்டிருந்தது. அதன் மேல் வினைல் விரித்தால் வாசல் அடைபடுகிறது. மேலே வரும் ஈரம் காங்கிரீட்டில் இருக்கும் காரத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறது. காரம் பட்ட பசை இளகிக் கூழாகிறது. பட்டையின் ஓரம் தூக்குகிறது. நடுவில் கொப்புளம் எழும்புகிறது. ரோலைச் சும்மா விரித்திருந்தால் அடியில் பூசணம் பிடித்து, தூக்கிப் பார்த்த அன்று வீடே நாறும். தரை உலர்ந்திருக்க வேண்டும் என்பது பி.வி.சி. பதிப்பதற்கான இந்தியத் தர நிர்ணய வழிமுறை ஐ.எஸ். 5318 படித்தவர்களுக்கும் தெரியும், படிக்காதவர்களுக்கும் தெரியும். அடிபட்ட பிறகு தெரிகிறது என்பதுதான் வேறுபாடு.

இதைக் கண்டறியச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. 18 அங்குலத்துக்கு 18 அங்குலம் பாலித்தீன் தாளைத் தரையில் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். தாளின் அடிப்பக்கம் வியர்த்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ, ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. நடைமுறையிலோ வேறொரு சோதனையே செல்வாக்குடன் இருக்கிறது. மேஸ்திரி உள்ளங்கையைத் தரையில் வைக்கிறார்.

“ஈரம்லாம் இல்லம்மா, நல்லா காஞ்சிருக்குது.”

“மழ வந்தா அந்த மூலையில வேர்க்குதே மேஸ்திரி?”

“அது வேர்வைம்மா. ஈரம் வேற, வேர்வை வேற.”

மேஸ்திரியின் வாதம் தள்ளத்தக்கதன்று. காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த தரையில் படிவதும் உண்டுதான். அப்படியானால் பாலித்தீனின் மேற்பக்கம் நனைந்திருக்கும், அடிப்பக்கம் காய்ந்திருக்கும். உள்ளங்கைக்கு மேற்பக்கம் அடிப்பக்கம் என்ற பேதம் தெரியாது என்பதே அந்த முறையின் ஒரே குறைபாடு.

புதிய வீட்டுக்கு வேறு சிக்கல். காங்கிரீட் ஓர் அங்குலக் கனம் உலர ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும் என்பது கட்டடத் துறையின் வாய்ப்பாடு. 4 அங்குலத் தளத்துக்கு நான்கு மாதம். கிரகப்பிரவேச முகூர்த்தமோ பஞ்சாங்கப்படி குறிக்கப்படுகிறது. பஞ்சாங்கத்தில் காங்கிரீட் உலரும் திதி போடுவதில்லை.

காரணி 2: சிலிண்டர்

வெளிநாட்டுக் கையேடுகள் வினைல் தரையின் எதிரிகளாகக் குதிகால் செருப்பு, சக்கர நாற்காலி, நாயின் நகம் ஆகியவற்றைப் பட்டியலிடுகின்றன. சமையல் எரிவாயு சிலிண்டர் அந்தப் பட்டியலில் இல்லை. உள்ளே 14.2 கிலோ வாயு, அதோடு ஏறக்குறைய அதே எடைக்கு இரும்பு. அதைத் தூக்கி வருவோர் சிலர். பெரும்பாலோர் சாய்த்துப் பிடித்து அடிவளையத்தின் ஓரத்தில் உருட்டி வருகிறார்கள். முழு எடையும் இரும்பு வளையத்தின் ஒரு விரற்கடைப் பகுதியில் இறங்குகிறது. ஓக் மரத்தின் புகைப்படம் இதைத் தாங்கும்படி எடுக்கப்பட்டதல்ல.

சிலிண்டருக்கு அடுத்த இடம் இரும்பு பீரோவுக்கு. அது நகராது, நின்ற இடத்தில் நான்கு குழிகளை உண்டாக்கிக்கொள்ளும். கிளிக் பட்டை போட்ட அறையில் பீரோ இன்னொரு தீங்கும் செய்கிறது. அந்தத் தரை மொத்தமாக மிதந்தபடி, வெப்பத்துக்கு விரிந்தும் சுருங்கியும் வாழ வேண்டியது. சுவரோரம் 6 மி.மீ. அளவுக்கு இடம் விடுவது அதற்காகத்தான். ஒரு பக்கம் பீரோ அழுத்திப் பிடித்துக்கொண்டால், சித்திரை வெயிலில் விரிகிற தரைக்குப் போக்கிடம் இல்லாமல் நடுக்கூடத்தில் திமில் எழும்பும்.

காரணி 3: பெரியம்மா

வினைல் தரை பிறந்த தேசங்களில் மக்கள் தரைமேல் நாற்காலியை வைத்து, நாற்காலிமேல் உட்காருகிறார்கள். இங்கே சித்திரையில் அகத்தீஸ்வரரும் கரிகிருஷ்ணரும் சந்திக்கும் உற்சவத்துக்கு உறவுக்காரர்கள் வந்து இறங்கினால், சாப்பாடு, அரட்டை, தூக்கம் எல்லாம் தரையில்தான். இந்த ஆய்வில் ‘பெரியம்மா’ என்பது தனியொருவரைக் குறிக்காது. தரையைத் தரையாகவே பயன்படுத்தும் எல்லாரையும் குறிக்கும் கலைச்சொல்.

பெரியம்மா வெறுந்தரையில் கையை ஊன்றி எழுவதால் வழுக்கல் முதல் பிரச்சினை. பளபளப்பானதை விட்டுச் சொரசொரப்பு ஏறிய மேற்பரப்பைத் தேர்ந்தெடுக்க இதைவிட வலுவான காரணம் தேவையில்லை. அடுத்து, குக்கரை அடுப்பிலிருந்து இறக்கி நேரே தரையில் வைக்கும் வழக்கம். சூட்டில் வினைல் இளகி, வட்ட வடிவில் நிரந்தரத் தழும்பு விழும். மஞ்சள் கறையும் குத்துவிளக்கின் எண்ணெயும் உடனே துடைத்தால் போகும், மறுநாள் துடைத்தால் அரைகுறையாய்த்தான் போகும்.

இவை அனைத்தையும் விஞ்சுவது வீடு கழுவுதல். பொங்கலுக்கும் ஆயுதபூஜைக்கும் முன்பு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தென்னந்துடைப்பத்தால் தள்ளுவது நம் மரபு. அதற்கென்றே பழைய வீடுகளில் தரைக்கு வாட்டமும், மூலையில் தண்ணீர் போகத் துளையும் வைத்தார்கள். வினைல் தண்ணீருக்கு அஞ்சாது என்று விளம்பரம் சொல்வது பட்டையைப் பொறுத்தவரை உண்மை. பட்டைக்கும் பட்டைக்கும் இடையே உள்ள கோட்டைப் பொறுத்தவரை அது வாளியின் எண்ணிக்கையைப் பொறுத்தது. மருத்துவமனை அறுவைசிகிச்சைக் கூடங்களில் இந்தக் கோடுகளைச் சூடுகாட்டி உருக்கி ஒட்டுகிறார்கள். வீட்டில் யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை. ஈரத்துணியால் துடைக்கச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதைப் பெரியம்மாவிடம் சொல்லும் பொறுப்பு மருமகளிடம் வருகிறது.

பதிக்கும் கணிதம்

10 அடிக்கு 12 அடி அறை, 6 அடி அகல ரோல். 12 அடி நீளவாட்டில் விரித்தால் 10 அடி அகலத்தை மூட இரண்டு துண்டு, மொத்தம் 144 சதுர அடி. 24 சதுர அடி வீண். ரோலைத் திருப்பி 10 அடி வாட்டில் விரித்தால் இரண்டு துண்டு, சரியாக 120. இந்தக் கண்டுபிடிப்பால் கிடைக்கும் மகிழ்ச்சி, அறையின் மூலைவிட்டங்களை அளக்கும்வரை நீடிக்கும். இரண்டு மூலைவிட்டமும் ஏறக்குறைய 15 அடி 7½ அங்குலம் வர வேண்டும். ஒன்று அதிகமாகவும் மற்றது குறைவாகவும் வந்தால், கொத்தனார் அன்று மூலைமட்டத்தைக் கொண்டுவரவில்லை. சுவர் ஒரே ஓர் அங்குலம் வெளியே போயிருந்தாலும் இரண்டு துண்டும் சேர்ந்த 12 அடி அகலம் போதாது. பட்டையானால் 10 சதவீதம் கூட்டி 132 சதுர அடி வாங்குவது வழக்கம்.

மற்றவை விரைவில் சொல்லத்தக்கவை. பட்டைகளைப் பெட்டியோடு அறையில் 48 மணி நேரம் கிடத்தி வைத்தால் அறையின் வெப்பத்துக்குப் பழகும். மட்டப்பலகை வைத்துப் பார்க்கையில் 10 அடிக்கு 5 மி.மீ.க்கு மேல் பள்ளம் மேடு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். வினைல் மேட்டை மறைக்காது, மினுக்கிக் காட்டும். அடுத்தடுத்த வரிசைகளின் முனைகள் ஒரே நேர்க்கோட்டில் வராமல் குறைந்தது 6 அங்குலம் தள்ளி வர வேண்டும். ஒட்டும் வகைக்குப் பல் வைத்த கரணையால் பசை இழுத்து, 45 கிலோ உருளையை மேலே ஓட்ட வேண்டும். உருளை இல்லாதபோது, வேடிக்கை பார்க்க வந்த அண்டைவீட்டார் அந்தப் பணியை அறியாமலேயே செய்துவிட்டுப் போகிறார்கள்; அவர்கள் நடுக்கூடத்தில் மட்டும் நிற்பதால் ஓரங்கள் ஒட்டுவதில்லை.

முடிவுகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் பார்த்து, பொன்னேரியில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு ரோல்தான் ஏற்றது. தரை அவர்களுடையது அன்று, ரோல் அவர்களுடையது. வீடு மாறும்போது சுருட்டிக்கொண்டு போகலாம். 2015 வெள்ளம் போலவோ 2023 மிக்ஜாம் புயல் போலவோ தண்ணீர் உள்ளே வந்தாலும், உருவி எடுத்து மொட்டை மாடியில் காயப்போடலாம். ஒட்டிய பட்டைக்கு அந்த வசதி இல்லை. சொந்த வீட்டின் மாடி அறைக்கு, அடியில் மண் இல்லாததால், எந்த வகையும் பொருந்தும். தரைத்தளமானால் பாலித்தீன் சோதனைதான் தீர்ப்பு சொல்ல வேண்டும். சமையலறைக்கு மூன்றுமே வேண்டாம். காரணி 2 காண்க.

ஆய்வின் எல்லைகள்

புதிய வினைலின் வாடையும், அதை இளக்கச் சேர்க்கும் தாலேட்டுகளும் இங்கே விரிவாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. வீட்டுத் தூசியில் உள்ள சில தாலேட்டுகளுக்கும் குழந்தைகளின் ஒவ்வாமை, ஆஸ்துமாவுக்கும் தொடர்பு இருப்பதாக 2004இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் எழுதினார்கள். தாலேட் சேர்க்காத ரகமா என்று கடையில் கேட்டு வாங்குவதும், பதித்த பிறகு ஜன்னல்களைத் திறந்து வைப்பதும் நல்லது.

மாடிப்படிகளும் ஆய்வுக்கு வெளியே நிற்கின்றன. குளியலறை வாசலில் போடும் ரப்பர் மிதியடி மட்டும் கடைசி நேரத்தில் உள்ளே நுழைந்துவிட்டது. ரப்பரில் கலந்துள்ள வேதிப்பொருள் வினைலுக்குள் இறங்கி மஞ்சள் பாய்ச்சும். மிதியடியை எடுத்தால் அதன் அளவுக்கே ஒரு செவ்வகம் அழியாமல் கிடக்கும், எந்தத் திரவத்தாலும் போகாது. மாற்றாகப் பரிந்துரைக்கப்படுவது பழைய பருத்திப் புடவையைக் கிழித்துப் பின்னிய மிதியடி. பெரியம்மாவின் பரணில் அது ஒரு கட்டு இருக்கிறது.