ஊவாச் சரிவுகளில் ஏறி அமர்ந்து புல் வெட்டும் இயந்திரத்தின் தகுந்த அளவு: ஒரு முன்னாய்வு

புல்வெட்டி விற்பவர்கள் உலகெங்கும் ஒரு விடயத்தில் ஒத்த கருத்துடையவர்கள். காணி அரை ஏக்கருக்குள் இருந்தால் தள்ளிக்கொண்டு போகும் சிறு பொறியே போதும். அதற்கு மேல் போனால் ஆள் ஏறி உட்கார்ந்து ஓட்டும் பொறி வேண்டும். ஓரிரு ஏக்கருக்கு 42 அங்குல வெட்டகலம், மூன்று ஏக்கரைத் தாண்டினால் 54 அங்குலம். இக்கோட்பாடு அமெரிக்கச் சமவெளிகளில் நன்கு சோதிக்கப்பட்டது. பதுளையில் யாரும் சோதித்ததாகத் தெரியவில்லை. பசறையிலும் மடுல்சீமையிலும் நமுனுகுலையிலும் அப்புத்தளையிலும் புல் இல்லாமலா இருக்கிறது? ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகக் குனிந்து புல் வெட்டியே முதுகு வளைந்த மக்களைக் கொண்ட மாகாணம், உட்கார்ந்து புல் வெட்டுவது பற்றிய இலக்கியத்தில் ஒரு வரியும் பெறாதது பெருங்குறை. அதைத் தீர்க்கவே இக்கட்டுரை.

ஆய்வெல்லையைச் சொல்லிவிட வேண்டும். ஊவா மாகாணம் பதுளை, மொனராகலை என இரு மாவட்டங்களைக் கொண்டது. மொனராகலையின் தாழ்ந்த சமதரையில் இவ்வியந்திரம் சிக்கலின்றி ஓடும். சிக்கலில்லாத இடம் ஆய்வுக்குத் தகுதியற்றது என்பதால் அம்மாவட்டம் விலக்கப்படுகிறது.

முன்வரலாறு

புல்வெட்டும் பொறியை 1830இல் காப்புரிமை பெற்று உலகுக்குத் தந்தவர் இங்கிலாந்தின் க்ளொஸ்டர்ஷயரைச் சேர்ந்த எட்வின் பட்டிங். துணி ஆலையில் கம்பளியின் மேற்பிசிறைச் சீவும் கருவியைப் பார்த்துவிட்டு, தரையும் ஒரு துணிதானே என்று எண்ணியவர். பிறகு பெரிய பொறிகளைக் குதிரை இழுத்தது. குளம்பின் தடம் புல்லில் பதியக்கூடாதென்று குதிரைக்குத் தோல் சப்பாத்து மாட்டினார்கள். அதே நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுப் பாதையில் மலைக்கு நடந்து வந்த தோட்டத் தொழிலாளர்களுக்கும் சப்பாத்து வழங்கப்பட்டதா என்று தேடினோம். சான்று எதுவும் அகப்படவில்லை.

ஆனால் பட்டிங்குக்கு வெகுகாலம் முன்பே ஊவாவில் ஏறி அமர்ந்து ஓட்டத்தக்க புல்வெட்டி இருந்தது என்பதே இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு. அது யானை. நாளொன்றுக்கு நூற்றைம்பது கிலோ வரையில் புல்லும் தழையும் அகற்றும். வெட்டிய புல்லே எரிபொருள். நின்ற இடத்தில் திரும்பும். இயந்திரம் மறுக்கும் சரிவுகளில் நிதானமாக ஏறி இறங்கும். வெட்டிய இடத்துக்கு உரமும் இட்டுச்செல்லும். இத்தகைய கருவி மலையில் ஏன் வழக்கொழிந்தது என்பதற்கு விடை பதுளைப் பட்டணத்திலேயே, புனித மாற்கு தேவாலயத்தில் இருக்கிறது. மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் நினைவாகக் கட்டப்பட்ட கோயில் அது. பதுளையில் அரசாங்க அதிகாரியாக இருந்த இவர் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். ஆக, மலையில் அதன் பிறகு முளைத்த புல் முழுவதையும் மனிதர் வெட்ட நேர்ந்ததற்கு மூலகாரணர் இவரே என்று இத்துறையில் முதன்முறையாக இங்கே நிறுவப்படுகிறது. மறுப்பவர்கள் மிஞ்சியிருக்கும் யானைகளிடம் விசாரிக்கலாம்.

சரிவு

இனி மையப் பிரச்சினை. ஏறி அமரும் பொறிகளின் கைநூல்கள் பெரும்பாலும் 15 பாகைக்கு மேற்பட்ட சரிவில் பொறியை இறக்காதீர் என்கின்றன. 15 பாகை என்றால் பத்தடி முன்னே போவதற்குள் ஏறத்தாழ இரண்டே முக்கால் அடி மேலேறுவது. ஊவாத் தோட்டங்களில் இதை மேடு என்று யாரும் சொல்வதில்லை. பிள்ளைகள் பந்து விளையாடும் இடம் என்பார்கள்.

கைநூலின் அடுத்த விதி இன்னும் சுவையானது. தள்ளிக்கொண்டு போகும் பொறியைச் சரிவின் குறுக்கே ஓட்டவேண்டும். ஏறி அமரும் பொறியை மேலும் கீழுமாக, நெடுக்கே ஓட்டவேண்டும். குறுக்கே ஓட்டினால் பக்கவாட்டில் கவிழ்ந்து ஆளை அமுக்கிவிடும். நல்லது. ஆனால் தேயிலை மலையின் சாத்திரம் நேர் எதிரானது. கோப்பிக் காலத்திலும் தேயிலையின் தொடக்கத்திலும், ஒரு புல்கூட இல்லாத மலையே நல்ல மலை என்று துரைமார் எண்ணினார்கள். சுரண்டியால் வழித்தெடுத்த சரிவுகளின் மேல்மண், மழையோடு இறங்கிப் பதுளு ஓயாவிலும் உமா ஓயாவிலும் கலந்து மகாவலிக்குப் போய்ச் சேர்ந்தது. போன மண் திரும்பாது என்று தெரிந்த பிறகு, செடியைச் சம உயரக் கோட்டில் நடுவதும், கானைக் குறுக்கே வெட்டுவதும், மண்ணைச் சுரண்டாமல் விடுவதும் பாடமாயின. மேலிருந்து கீழாகச் சக்கரம் உருண்டால் அத்தடமே அடுத்த மழைக்கு ஓடையாகும்.

எனவே ஓட்டுபவர் பிழைக்க நெடுக்கே போகவேண்டும். மண் பிழைக்கக் குறுக்கே போகவேண்டும். இருவரும் பிழைக்க ஒரே வழி, இயந்திரத்தை வாங்காதிருப்பது. ஆயினும் இது அளவு பற்றிய ஆய்வாதலால் அம்முடிவை ஏற்க முடியவில்லை.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. ஊவாவின் சரிவைப் பற்றி, கேலியாகவேனும், எழுதுகிறவர் இந்த வரியை எழுதாமல் கடக்க முடியாது.

தேயிலை நிரைகளுக்கு இடையே பொறியை விடலாமே என்றொரு ஆலோசனை வந்தது. தேயிலை பொதுவாக நாலடிக்கு இரண்டடி என்ற இடைவெளியில் நடப்படுகிறது. நாலடி என்றால் 48 அங்குலம். 42 அங்குலப் பொறி நுழைய ஆறு அங்குலம் மிச்சம் என்று கணக்குச் சொல்கிறது. தேயிலைச் செடி அப்படிச் சொல்லவில்லை. கொழுந்து எடுக்கும் பெண் பக்கவாட்டில் திரும்பி நுழையும் அளவுக்கே அது வழி விடுகிறது. இங்கே தகுந்த வெட்டகலம் ஒரு மனித இடுப்பு.

அவ்விடுப்புக்கு ஏற்ற பொறி ஏற்கெனவே தோட்டத்தில் இருக்கிறது. நீண்ட தண்டின் நுனியில் சுழலும் தகடு, பின்னே சிறு எஞ்சின், எல்லாவற்றையும் தோளில் தொங்கவிட ஒரு வார்ப்பட்டி. வகைப்பாட்டியலில் இதை எங்கே வைப்பது என்று ஆய்வாளர் குழம்பியபோது, அதை மாட்டிக்கொண்டு நின்றவர் உதவினார்: "ஏறி ஒக்கார்ற மெஷின்தாங்க இது. எங்க தோட்டத்துல அதுதான் எங்க மேல ஏறி ஒக்காருது." இவ்வகைப்பாடு ஏற்றுக்கொள்ளப்பட்டது.

புல்

பொறி விற்பவர்கள் புல்லை ஒரே இனமாகக் கருதுகிறார்கள். ஊவாவின் பத்தனைப் புல்மலைகளைப் பார்த்தால் அப்படிக் கருதமாட்டார்கள். தியத்தலாவை, வெலிமடைப் பக்கத்து மொட்டை மலைகளில் ஆளுயரம் நிற்கும் மானாப்புல்லுக்கு விளிம்பே ஒரு கத்தி. புல்லின் உயரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டாதீர் என்பது புல்வெளிக் கலையின் பொன்விதி. ஐந்தடி மானாவுக்கு இவ்விதியைப் பொருத்தினால் முதல் வெட்டு 40 அங்குல உயரத்தில் அமையவேண்டும். பொறியின் வெட்டுத்தட்டோ நான்கு அங்குலமளவே உயரும். மீதி 36 அங்குலத்துக்கு ஓட்டுநர் இருக்கையை விட்டு எழுந்து கத்தியால் வெட்டவேண்டும். முற்றிய மானாவை மாடும் தொடாது. ஆகவேதான் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இளந்துளிர் வேண்டி யாரோ தீ வைக்கிறார்கள். அந்தத் தீக்கு வெட்டகலம் என்று ஒன்று கிடையாது.

வெட்டுவதற்காக அல்ல, வளர்ப்பதற்காகவே தோட்டம் போற்றும் புல்லும் உண்டு. பழந்தேயிலையைப் பிடுங்கி மறுநடவு செய்யுமுன், களைத்த மண்ணுக்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு ஓய்வு தருவார்கள். அக்காலம் முழுதும் மலையில் மானாவோ குவாத்தமாலாப் புல்லோ நிற்கும். அவ்வப்போது அறுத்து அங்கேயே பரப்புவார்கள். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு புல்லுக்கு ஏக்கர் ஏக்கராகக் காணியும் ஈராண்டு தங்குமிடமும் கிடைக்கின்றன. மாட்டுக்காரர்கள் விரும்பி வளர்க்கும் சீஓ-3 இன்னும் அண்மையில் வந்தது. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் உருவான புல் அது. கோயம்புத்தூரிலிருந்து வந்ததற்காக அதனிடம் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி எவரும் சான்று கேட்டதாகப் பதிவில்லை. வேர்விட்ட இடத்தில் அப்படியே விட்டுவிட்டார்கள்.

2015இல் கிளைபொசேற் என்ற களைகொல்லி நாட்டில் தடைசெய்யப்பட்டது. தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் 2018இல் தடை தளர்த்தப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் புல் நிமிர்ந்தது, மக்கள் குனிந்தார்கள். காடேறிய மலைகளில் குளவியும் அட்டையும் பெருகின. இங்கே ஏறி அமரும் பொறிக்கு ஒரேயொரு தெளிவான அனுகூலத்தைப் பதிவு செய்யலாம்: இருக்கை தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேலே இருப்பதால் அட்டை வந்து சேரச் சற்று நேரமாகும். குளவிக்கு அந்தத் தடையும் இல்லை. எஞ்சின் சத்தம் அதற்கு அழைப்பிதழ்.

நிறுத்துமிடம்

வாங்குமுன் கொட்டகையை அளந்து பாருங்கள் என்பது விற்பவர்களின் வழக்கமான அறிவுரை. லயத்துக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி, ஆக 120 சதுர அடி. நடுத்தரப் பொறி ஒன்று ஆறடிக்கு நாலடி, 24 சதுர அடி. வீட்டின் ஐந்திலொரு பங்கு. மூன்று தலைமுறை படுத்துறங்கும் காம்பராவில் நான்காவது தலைமுறையாக அதைச் சேர்த்துக்கொள்ளலாம். இஸ்தோப்பில் நிறுத்தினால் கதவு திறக்காது, விறகுக்கு இடமிருக்காது. பங்களாவில் இச்சிக்கல் எழாது. அங்கே காருக்கும் தனிக் கொட்டகை உண்டு, சுற்றிலும் வழவழவென்ற புற்றரையும் உண்டு. 42 அங்குலம் பங்களாவுக்குப் பொருந்தும். அதை விரித்தெழுதத் தேவையில்லை.

பரப்பு

மணிக்கு இத்தனை மைல் என்ற வேகத்தை வெட்டகல அங்குலத்தால் பெருக்கி 99ஆல் வகுத்தால் மணிக்கு எத்தனை ஏக்கர் வெட்டலாம் என்பது கிடைக்கும். நான்கு மைல் வேகத்தில் 42 அங்குலப் பொறி 1.7 ஏக்கர் வெட்டும். திரும்புவதற்கும் மேற்படிந்து ஓடுவதற்கும் ஐந்திலொன்றைக் கழித்தால் ஏறத்தாழ 1.36 ஏக்கர்.

புதிய வீட்டுத் திட்டங்களில் தோட்டக் குடும்பத்துக்கு என்று பல ஆண்டு பேசப்பட்ட அளவு 7 பேர்ச். ஏக்கருக்கு 160 பேர்ச் ஆகையால் இது ஏறத்தாழ 1,906 சதுர அடி. வீடு 550 சதுர அடி. மீதி 1,356. சூத்திரப்படி இதை வெட்டி முடிக்க ஒன்றரை நிமிடமும் ஆகாது. பொறியில் ஏறி, சாவி திருகி, பிரேக்கை விடுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

ஆனால் கள ஆய்வில் அந்த 1,356 சதுர அடியில் புல் காணப்படவில்லை. படிக்கட்டும் தண்ணீர்த் தொட்டியும் மண்ணணையும் போக, எஞ்சியதில் போஞ்சி, லீக்ஸ், கொச்சிக்காய், ஒரு கோழிக்கூடு, ஒரு மாட்டுக்கொட்டில். கறவை மாட்டுக்கு நாளுக்கு நாற்பது ஐம்பது கிலோ பச்சைப்புல் வேண்டும். அது வீதியோரத்திலிருந்தும் ஆற்றோரத்திலிருந்தும் தலைச்சுமையாக வந்து சேருகிறது. அதாவது இவை புல்லை வெளியேற்றும் காணிகள் அல்ல, இறக்குமதி செய்யும் காணிகள். விற்பவர்களின் கோட்பாட்டில் இந்த வகை முன்னுணரப்படவேயில்லை. மேலும், காணி அளவை உறுதியில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் சொல்கிறார்கள். வீடு வந்தும் உறுதி வராதவர்கள் எதில் பார்ப்பது என்பதற்கு எந்தக் கைநூலிலும் பக்கம் இல்லை.

கணக்கு கைவிட்ட நிலையில் கருத்தறிதல் முறைக்கு மாறினோம். பசறைப் பக்கத்து லயமொன்றில், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கங்காணி ஒருவரிடம் 30, 42, 54 அங்குலப் பொறிகளின் படங்களைக் காட்டி, கோட்பாட்டையும் விளக்கி, எது பொருந்தும் என்று கேட்டோம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றையும் பார்த்தார்.

"காணிக்கு ஏத்த மெஷின்னு தானே சொன்னீங்க தம்பி? அப்ப அம்பத்திநாலையே எழுதிக்கங்க. மெஷினுக்கு ஏத்த காணிய அவங்க குடுக்கட்டும்."