ஞாயிற்றுக்கிழமை எழுத்தாளர்

வெள்ளவத்தையில் ஓர் எழுத்தாளர் போன் எடுத்து முதலில் உங்கள் சுகத்தை விசாரித்தால் கொஞ்சம் உஷாராக இருங்கள். சீனி வருத்தம் எப்படி, மகளுக்கு விசா சரிவந்ததா, மனிசியின் கால் நோ குறைந்ததா என்று வரிசையாகக் கேட்பார். பிறகுதான் விஷயம் வரும்: "தம்பி, வாற ஞாயிறு பின்னேரம் சங்கத்திலை என்ரை புத்தகம் வெளியிடுறம். நீர் கட்டாயம் வரோணும். சிறப்புப் பிரதி வாங்கிற ஆக்களிலை உம்மடை பேரையும் போட்டிட்டன்."

போடட்டுமா என்று அவர் கேட்கவில்லை. அழைப்பிதழ் அச்சாகிவிட்டது.

எழுதியவரும் அவர்தான், பதிப்பாளரும் அவர்தான். பதிப்பகத்துக்குப் பேத்தியின் பெயர். முதலீட்டில் பாதி ஓய்வூதியம், மீதி சிட்னியில் இருக்கும் மகன் அனுப்பியது. கொட்டாஞ்சேனை அச்சகத்தில் முந்நூறு பிரதி அடித்து ஓட்டோவில் ஏற்றி வந்திருக்கிறார். தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் எடுத்த ஐ.எஸ்.பி.என். இலக்கத்தைப் பின்னட்டையில் கோட்டுக் குறியோடு போட்டிருக்கிறார். அந்தக் கோடுகளை எந்த இயந்திரமும் இதுவரை படித்ததில்லை. அதற்காக விட்டுவிட முடியுமா? புத்தகத்துக்கு ஒரு களை வேண்டாமா?

பெயர் விஷயத்தில் அவர் இன்னும் கெட்டிக்காரர். நீர்வை பொன்னையன், தெளிவத்தை ஜோசப், திக்குவல்லை கமால் என்று ஊரைப் பெயரோடு சேர்த்தவர்கள் நம் நாட்டில் நிறையப் பேர். அவர்கள் எழுதிய எழுத்தால் ஊருக்கும் பெயர் வந்தது. நம்மவர் எழுதுவதற்கு முன்பே ஊரைப் பிடித்துக்கொண்டார். அந்த ஊரின் பெயரில் ஏற்கெனவே மூன்று கவிஞர்கள் இருந்தபடியால் குறிச்சியின் பெயரையும் சேர்த்தார். இப்போது அட்டையில் நூலின் தலைப்பைவிட ஆசிரியர் பெயர் நீளம். 'கலாபூஷணம்' விருதும் கிடைத்துவிட்டால் முன்னால் போடுவதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்.

விழாவுக்கு நாள் பார்ப்பதில் சோதிடரும் அவரிடம் தோற்றுப்போவார். ஓகஸ்டில்தான் வைப்பார். கனடா, லண்டன் சனம் நல்லூர்த் திருவிழாவுக்குப் போகும் வழியில் வெள்ளவத்தையில் தங்கும் காலம் அது. திரும்பிப் போகும் பெட்டி ஒவ்வொன்றிலும் பத்துப் பிரதி ஏறிவிடும். "கறித்தூளோடை வையுங்கோ, பாரமில்லை" என்பார்.

இடம், 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம். 1942இல் தொடங்கிய சங்கம் எத்தனையோ இலக்கியச் சண்டைகளைப் பார்த்திருக்கும். சங்கரப்பிள்ளை மண்டபத்தில் மங்கல விளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, ஆசியுரை, வாழ்த்துரை எல்லாம் முறைப்படி நடக்கும். ஆய்வுரை செய்பவர் கைக்குப் புத்தகம் வெள்ளி இரவுதான் போய்ச் சேர்ந்தது. ஆகவே அவர் உலகச் சிறுகதையின் தோற்றத்திலிருந்து தொடங்குவார். ஈழத்துக்கு வந்து சேரும்போது தலைவரின் துண்டுச் சீட்டும் வந்து சேரும். நூலைப் பற்றி ஒரு சொல்கூட விழாமலே நூல் பாராட்டப்பட்டுவிடும்.

உண்மையான வியாபாரம் அதற்குப் பிறகுதான். முதற் பிரதி வர்த்தகப் பிரமுகருக்கு. புரவலர் ஹாசிம் உமர் இந்த நகரத்தில் முதற் பிரதி வாங்கிய நூல்கள் ஏராளம்; புதியவர்களின் முதல் நூலை வெளியிட்டுக் கொடுக்கப் 'புரவலர் புத்தகப் பூங்கா'வையும் ஏற்படுத்தினார். எல்லா விழாவுக்கும் அப்படி ஒருவர் அமைவாரா? நம்மவர் நகைக்கடை, பயண முகவர், சம்பந்தி என்று இறங்கு வரிசையில் தேடிக்கொள்வார். பிறகு சிறப்புப் பிரதிகள். பெயர் கூப்பிடக் கூப்பிட மேடையேறி, உறையைக் கொடுத்து, புத்தகத்தை வாங்கி, கமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்க வேண்டும். கலியாண வீட்டில் மொய் எழுதுகிற மாதிரித்தான். அங்கே சாப்பாடு, இங்கே ரோல்ஸும் நெஸ்கபேயும்.

இரவு உறைகளைப் பிரித்தால் அச்சுக் கூலி வந்திருக்கும். சந்தைப்படுத்தல் வகுப்பு நடத்துபவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்: ஒரே பின்னேரத்தில் போட்ட முதலை எடுக்கும் வித்தை வேறெங்கே இருக்கிறது? குறை ஒன்றுதான். அன்றோடு புத்தகத்தின் ஆயுள் முடிந்துவிடுகிறது. காலி வீதிக் கடையில் ஐந்து பிரதி கொடுத்திருக்கிறார். வாரம் ஒருமுறை போய் அவற்றை முன்வரிசைக்கு மாற்றிவிட்டு வருகிறார். மிச்சம் கட்டிலுக்குக் கீழே. "கட்டிலைக் கொஞ்சம் உயர்த்திப் போடுங்கோ, அடுத்த புத்தகத்துக்கும் இடம் வேணுமெல்லே" என்பது மனிசியின் விமர்சனம். அன்றைய ஆய்வுரையைவிட நேர்மையானது.

இதே கொழும்பில் டொமினிக் ஜீவாவும் இருந்தார். 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய 'மல்லிகை' இலக்கிய இதழைப் பின்னாளில் கொழும்பு 13, ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து நடத்தினார். தோளில் பை, பையில் இதழ். கூட்டத்திலும் தெருவிலும் ஆளைக் கண்டு, கையில் கொடுத்து, காசு வாங்கினார். வாங்கியவர் அடுத்த மாதம் எதிர்ப்பட்டால் போன இதழைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். அதைவிடச் சிறந்த விற்பனை முறையை நான் பார்த்ததில்லை. நம்மவருக்கு அது சரிப்படாது. வாசகர் கேள்வி கேட்டுவிட்டால்?

வாற ஓகஸ்டில் உங்களுக்கும் அழைப்பு வரும். போங்கள், உறையும் கொடுங்கள், பாவம், செலவழித்திருக்கிறார். ஆனால் வீட்டுக்கு வந்து புத்தகத்தை வாசியுங்கள். வாசித்துவிட்டு ஒரு போன் எடுத்து, நாலாவது கதையில் செத்துப்போன பெரியம்மா அதே கதையின் ஆறாவது பக்கத்தில் எப்படித் தேத்தண்ணி ஊற்றினார் என்று கேளுங்கள். மனிதர் கொஞ்சம் தடுமாறுவார். பிறகு சந்தோஷப்படுவார்.